ரயில் ஏன் உடனே நிற்பதில்லை?

என் பேரன் டோம்பிவிலியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். சென்ற மாதம் அவனுடைய விஞ்ஞானப் பரீட்சைத் தாளைப் புரட்டிக் கொண்டிருந்தேன். 'ஓடும் ரயிலை உடனே நிறுத்த முடியாதது ஏன்?' என்று ஒரு கேள்வி. 'ரயிலின் மாஸ் மிக அதிகம், ஆகவே இனர்ஷியாவும் அதிகம்' என்று எழுதியிருந்தான். முழு மதிப்பெண். நான் எஞ்சினியரிங் டிப்ளமா மட்டுமே படித்தவன்; ஆனால் ரயில்வேயில் பெட்டிகளோடும் பிரேக்குகளோடும் முப்பத்தெட்டு வருடம் மல்லுக்கட்டியவன். "நானாக இருந்தால் பாதி மார்க்தான் போடுவேன்" என்றேன். பேரனுக்கு ஒரே கோபம்.

பேச்சு வளர்ந்தபோது இன்னொன்றும் வெளியே வந்தது. டியூஷனுக்குப் போகும்போது இவனும் சிநேகிதர்களும் மேம்பாலம் ஏறாமல் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறார்களாம். "வண்டி தூரத்துல வரும்போதே பாத்துடுவோம் தாத்தா. அப்படியே நாங்க பாக்கலேன்னாலும் மோட்டார்மேன் பிரேக் போட்டுடுவாரு இல்ல?" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அவனுக்கு நோட்டுப் புத்தகத்தில் போட்டுக் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு வார்த்தைகள். நம் பிள்ளைகள் இங்கே ஃபோர்ஸ் என்று படிப்பதைத் தமிழில் விசை என்கிறோம். ஃப்ரிக்‌ஷன் என்பது உராய்வு. நியூட்டனின் முதல் விதியை எல்லோரும் ஒப்பிப்பார்கள். வெளியிலிருந்து ஒரு விசை வந்து தாக்காத வரை, ஓடுகிற பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் 'வெளியிலிருந்து' என்ற சொல்லைத்தான் பலர் விழுங்கிவிடுகிறார்கள்.

பிரேக் கட்டை சக்கரத்தைப் பிடிக்கிறது. கட்டையும் ரயிலுடையது, சக்கரமும் ரயிலுடையது. காருக்குள் உட்கார்ந்துகொண்டு முன் கண்ணாடியைக் கையால் தள்ளினால் கார் நகருமா? அதே மாதிரி, கட்டையின் பிடி மட்டும் ரயிலை நிறுத்திவிடாது. அது சக்கரம் சுழல்வதைத் தடுக்கிறது. அப்போது தண்டவாளம் சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கிறது. அந்த உராய்வுதான் வெளிவிசை. ரயிலை நிறுத்துவது தண்டவாளமே.

அந்த உராய்வு எவ்வளவு கிடைக்கும்? இரும்பின் மேல் இரும்பு. ஒரு சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு நாணயத்தின் அளவுதான் இருக்கும். உலர்ந்த தார்ச் சாலையில் ரப்பர் டயருக்கு அது தாங்கும் எடையில் பத்தில் ஏழு பங்கு வரை உராய்வு கிடைக்கும். உலர்ந்த தண்டவாளத்தில் சக்கரத்துக்குக் கிடைப்பது சுமார் நாலில் ஒரு பங்கு. மழை தூறி, எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்துவிட்டால் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இதற்காகவே எஞ்சினில் மணல் பெட்டி வைத்து, சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவுகிறார்கள். எத்தனை நவீன எஞ்சின் வந்தும் இந்த மணலை விட முடியவில்லை! சரி, பிரேக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தால்? சக்கரம் நின்றுபோய் வழுக்கிக்கொண்டு போகும், உராய்வு மேலும் குறையும், சக்கரமும் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிடும். சில பெட்டிகளில் 'டக் டக்' என்று இடைவிடாமல் கேட்கிறதே, பெரும்பாலும் அந்தத் தட்டைதான்.

இப்போது பேரனின் 'மாஸ்' விஷயத்துக்கு வருவோம். நிறை இரண்டு மடங்கானால் நிறுத்தத் தேவையான விசை இரண்டு மடங்கு, சரிதான். ஆனால் சக்கரங்கள் தண்டவாளத்தை அழுத்துவதும் இரண்டு மடங்காகிறது, ஆகவே கிடைக்கக்கூடிய உராய்வும் இரண்டு மடங்கு. கணக்கில் நிறை அடிபட்டுப் போகிறது! அந்த உராய்வைப் பயன்படுத்திக்கொள்ள, பாரத்துக்குத் தக்கபடி பிரேக்கின் பிடியும் கூட வேண்டும் என்பது வாஸ்தவம். சரக்கு வேகன்களில் காலி, லோடு என்று மாற்றும் ஏற்பாடு அதற்காகத்தான். ஆக, ரயில் நிற்கத் தாமதமாவதற்கு வெறும் கனம் காரணமல்ல. வழுக்கும் இரும்பும், வேகமும்தான்.

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல பிரேக் பிடித்தால் ஒரு லோக்கல் வண்டியின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 0.8 மீட்டர் வீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் தூரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை 1.6-ஆல் வகுத்தது. மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 10 மீட்டர், தூரம் 62.5 மீட்டர். மணிக்கு 72 என்றால் 20 மீட்டர். தூரம் 250 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு! 12 பெட்டி லோக்கலின் நீளமும் ஏறத்தாழ 250 மீட்டர்தான். அதாவது, பிரேக் பிடித்த பிறகும் அந்த வண்டி தன் முழு நீளம் ஓடித்தான் நிற்கும். மோட்டார்மேன் ஆளைப் பார்த்து, கை பிரேக்குக்குப் போய், பிடி ஏறுவதற்குள் இரண்டு விநாடி ஆனாலும் இன்னொரு 40 மீட்டர் போய்விடும்.

நாசிக் போகும்போது கசாரா காட்டைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சரிவு 37-க்கு 1. இறங்கும் வண்டியை அதன் எடையில் 37-ல் ஒரு பங்கு கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். அதே பிரேக்குக்கு நிற்கும் தூரம் ஒன்றரை மடங்காகிறது. ஏறும்போது பின்னால் பாங்கர் எஞ்சின்கள் முட்டுக் கொடுப்பதும் இதே பங்கைச் சமாளிக்கத்தான்.

கடைசியாகப் பேரனிடம் ஒரு கணக்குக் கொடுத்தேன். சமதரையில் மணிக்கு 54 கிலோமீட்டரில் வரும் லோக்கல். 150 மீட்டர் முன்னால் தண்டவாளத்தில் ஒரு பையனை மோட்டார்மேன் பார்க்கிறார். இரண்டு விநாடி கழித்து பிரேக் பிடிக்கிறது. பையன் நிற்கும் இடத்தை வண்டி என்ன வேகத்தில் கடக்கும்?

பேரன் இரண்டு முறை போட்டுப் பார்த்தான். மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று வந்தது. பென்சிலை வைத்துவிட்டு, "பாலம் ஏறி இறங்க நாலு நிமிஷம் ஆகுது தாத்தா" என்றான். "அஞ்சு நிமிஷம் முன்னாடி கிளம்புடா" என்றேன்.

நீங்களும் போட்டுப் பாருங்கள். செய்முறையை ஞாயிறு மாலை சங்கத்துக்கு எடுத்து வந்தால் சரிபார்த்துத் தருகிறேன்.