தசைப் பயிற்சியும் தாய்மார் நலமும்

மும்பையின் கிழக்குப் புறநகரான விக்ரோலி, 1940-களில் கோத்ரெஜ் நிறுவனம் அமைக்கத் தொடங்கிய தொழில் நகரத்தால் பெயர் பெற்றது. அதன் மேற்கே பார்க்சைட், சூர்யாநகர் முதலிய குடியிருப்புகள் குன்றுச் சரிவில் நெருங்கி அமைந்துள்ளன. தண்ணீர்க் குடத்துடன் இங்கு படியேறும் பெண்ணுக்கு ஒரு சங்கடம் நேரக்கூடும். குடத்தைத் தூக்கும்போதும், இருமும்போதும், சிரிக்கும்போதும் தன்னையறியாமல் சிறிது சிறுநீர் கசிந்துவிடுகிறது. மருத்துவர் இதனை அழுத்தச் சிறுநீர்க் கசிவு என்பர்.

பெண்களில் பலர் இதைப் பிள்ளைப்பேற்றின் இயல்பான விளைவு என்று எண்ணி மௌனமாக இருந்துவிடுகின்றனர். சிலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். இதனால் சிறுநீர் செறிவுற்றுப் பையை உறுத்துகிறது. மலச்சிக்கலும் தொற்றும் ஏற்பட வாய்ப்புண்டு. பொதுக் கழிப்பிடத்தை நம்பி வாழ்வோருக்கு இத்துன்பம் இருமடங்காகும். வேலையையே கைவிட நேரும் பெண்ணின் வருவாய் இழப்பு எந்தக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை.

காரணம்

இடுப்பு எலும்புகளுக்கிடையே ஊஞ்சல் துணிபோல் அமைந்த தசைகள் சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்குகின்றன. மகப்பேறு, மாதவிடாய் நிற்றல், உடற்பருமன், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல் ஆகியவற்றால் இத்தசைகளும் இவற்றைச் சார்ந்த திசுக்களும் தளர்கின்றன. அப்போது வயிற்றினுள் அழுத்தம் திடீரென உயரும்போது சிறுநீர்க் குழாய் மூடிநிற்க இயலுவதில்லை.

பயிற்சி முறை

தளர்ந்த தசையைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்பதை அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் விளக்கினார். முறை எளிது. காற்றுப் பிரிவதையும் சிறுநீரையும் ஒருங்கே அடக்குவதுபோல் தசையை உள்நோக்கி மேலே இழுக்க வேண்டும். மூச்சை அடக்குதல், வயிற்றையோ தொடையையோ இறுக்குதல் கூடாது. தொடக்கத்தில் 3 முதல் 5 விநாடி வரை இறுக்கி, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். படிப்படியாக 10 விநாடிக்கு உயர்த்தலாம். ஒரு வேளைக்கு 8 முறையேனும், நாளொன்றுக்கு 3 வேளை செய்தல் நன்று. இருமுவதற்கும் குடத்தைத் தூக்குவதற்கும் சற்று முன்னர் தசையை இறுக்கிக்கொள்வதும் பயனளிக்கும். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பயிலும் பழக்கம் வேண்டாம்.

பலன் ஓரிரு நாளில் தெரியாது. மேற்பார்வையுடன் 3 மாதமேனும் பயிலவேண்டும் என்பது பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதலாகும். 2018-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், குணம் பற்றி வினவிய சோதனைகளில், பயிற்சி பெற்றோரில் சுமார் 56 விழுக்காட்டினர் குணமடைந்ததாகக் கூறினர். பெறாதவர்களில் 6 விழுக்காட்டினரே அவ்வாறு கூறினர்.

எல்லாக் கசிவுக்கும் இப்பயிற்சி மட்டும் போதாது. எரிச்சல், இரத்தம், வலி, உறுப்பு கீழிறங்கிய உணர்வு ஆகியவை இருந்தாலும், கடினமான பிரசவத்திற்குப் பின் இடைவிடாது சிறுநீர் ஒழுகினாலும், உடனே மருத்துவரைக் காணவேண்டும்.

செய்யத்தக்கது

இச்சிகிச்சைக்குக் கருவியும் மருந்தும் தேவையில்லை. ஆயினும் சரியான தசையை இனங்காண முடியாமல் தவறாகப் பயில்வோர் பலர், கற்பிப்பவர் இன்றியமையாதவர். மும்பை மாநகராட்சியின் ஆரோக்ய சேவிகைகள் வீடு வீடாகச் சென்று வருகின்றனர். கருவுற்ற மகளிருக்கு ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாள் இலவசப் பரிசோதனை செய்யும் மத்திய அரசுத் திட்டம் 2016 முதல் நடைபெறுகிறது. பிரசவத்திற்குப் பின் 42 நாள் வரை ஆஷா பணியாளர்கள் இல்லம் தேடி வருகின்றனர். இவ்வாய்ப்புகளில், "இருமும்போது சிறுநீர் கசிகிறதா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்க்கலாம். பணியாளருக்கு இதற்கான பயிற்சியளிப்பதே கூடுதல் செலவு.

பெண் தானாக முன்வந்து இதைச் சொல்லக் கூசுவாள், கேட்டால் சொல்வாள். கேட்கும் பொறுப்பு நலவாழ்வுத் துறையினுடையது. அக்கேள்வி தவறாது கேட்கப்படுமாயின், விக்ரோலியின் படிகளில் குடத்துடன் ஏறும் தாய் அச்சமின்றி ஏறுவாள்.