இருதயத்தைக் காப்பது எப்படி?

இந்த இதழில் கிறிஸ்தவ வாழ்க்கையின் முக்கியமான பாடம் ஒன்றை எழுதுகிறேன். பாடம் வேதாகமத்தில் உள்ளது. ஆனா மனசு எல்லோருக்கும் இருக்கு, அதனால எல்லோரும் படிக்கலாம்.

இருதயம் என்றால் என்ன?

அறிவியல் பாடத்தில் இதயம் என்றால் நான்கு அறைகள் உள்ள உறுப்பு. ரத்தத்தை உடம்பு முழுக்க அனுப்பும். வேதாகமம் சொல்லும் இருதயம் அது மட்டும் இல்லை. பழைய ஏற்பாட்டின் எபிரெய மொழியில், நினைப்பு, ஆசை, முடிவெடுப்பது எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். நாம “மனசு”ன்னு சொல்றோமே, அதுதான்.

ஊற்றும் நாலு வாசலும்

நீதிமொழிகள் 4-ம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் மகனுக்குப் புத்தி சொல்கிறார். மற்ற எல்லாவற்றையும் விட இருதயத்தைத்தான் அதிகமாகக் காக்க வேண்டும், ஏனென்றால் வாழ்க்கையே அங்கிருந்துதான் ஊறி வருகிறது என்பது அதன் கருத்து. கிணத்து ஊத்துல சாக்கடை கலந்துட்டா, குடத்தைப் புளி போட்டு விளக்கி என்ன பிரயோஜனம்? குடம் பளபளன்னு இருக்கும், தண்ணி நாறும்.

சரி, எப்படிக் காப்பது? அதே இடத்தில் காது, கண், வாய், கால் இந்த நாலைப் பற்றியும் வருகிறது. இவைதான் இருதயத்தின் வாசல்கள் என்று நான் புரிந்துகொண்டேன்.

காது: ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தி கோள் சொன்னால் கேட்டுக்கொண்டே நிற்கிறோமா?
கண்: செல்போனில் கண்டதையும் தள்ளித் தள்ளிப் பார்க்கிறோமா?
வாய்: பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறோமா?
கால்: தப்பு நடக்கும் இடம் என்று தெரிந்தும் அங்கே போகிறோமா?

கெட்ட நினைப்பு வந்தாலே பாவமா?

நிறைய பேருக்கு இந்தப் பயம் உண்டு. 4-ம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் எவாக்ரியுஸ் என்ற துறவி வாழ்ந்தார். மனசைக் கெடுக்கும் நினைப்புகளை எட்டு வகையாகப் பிரித்து எழுதினார். கோபம், பண ஆசை, வீண் பெருமை எல்லாம் அதில் உண்டு. இந்த நினைப்புகள் வருவதும் வராததும் நம் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது என்பது அவருடைய போதனை. வாசலுக்கு வந்தவனைப் பாய் போட்டு உட்கார வைக்காமல் இருந்தால் போதும்.

வெளியே கழுவினால் போதுமா?

மாற்கு 7-ம் அதிகாரத்தில், இயேசுவின் சீஷர்கள் கை கழுவாமல் சாப்பிட்டதை மதத் தலைவர்கள் குறை சொன்னார்கள். அது அவர்களுடைய சடங்கு முறை. அதற்கு இயேசு, வெளியே இருந்து வயிற்றுக்குள் போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளே இருந்து வரும் களவு, கொலை, பெருமை போன்றவைதான் தீட்டுப்படுத்தும் என்று விளக்கினார். (அதுக்காக மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி கை கழுவாம போயிடாதீங்க!)

அழுக்கு உள்ளே வந்துவிட்டால்?

தாவீது பெரிய ராஜா. உரியா என்ற போர்வீரனின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியா போர்முனையில் சாகும்படி செய்தார். நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு கதை சொன்னார். நிறைய ஆடுகள் வைத்திருந்த பணக்காரன், ஒரு ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொண்டான் என்பது கதை. தாவீதுக்குக் கோபம் பொங்கியது. அந்த ஆள் நீர்தான் என்றார் நாத்தான். அடுத்தவன் அழுக்கு பளிச்சென்று தெரியும், நம்ம அழுக்கு நமக்குத் தெரியாது. அதனால்தான் எடுத்துச் சொல்ல ஒரு நாத்தான் வேண்டும்.

தாவீது சாக்கு சொல்லவில்லை. 51-ம் சங்கீதத்தில் சுத்தமான இருதயத்தைச் சிருஷ்டிக்கும்படி கேட்கிறார். ஆதியாகமம் முதல் வசனத்தில் வானத்தையும் பூமியையும் தேவன் சிருஷ்டித்தார் என்று வருகிற அதே எபிரெய வினைச்சொல்தான் இங்கேயும். அதாவது, ஒட்டுப் போட்டால் போதாது, கடவுளே புதிதாகச் செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

கோரி டென் பூம்

நெதர்லாந்து நாட்டில் ஹார்லெம் ஊரில் ஒரு கைக்கடிகாரக் கடைக் குடும்பம். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளிடமிருந்து தப்பிய யூதர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்தார்கள். 1944 பிப்ரவரி 28-ல் பிடிபட்டார்கள். 84 வயது அப்பா பத்து நாளில் இறந்தார். அக்கா பெட்சி அதே டிசம்பரில் ராவன்ஸ்புரூக் முகாமில் இறந்தார். கோரி உயிரோடு வெளியே வந்தார்.

1947-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், தேவன் மன்னிக்கிறவர் என்று ஒரு சபையில் பேசி முடித்தார் கோரி. ஒரு ஆள் வந்து கை நீட்டினான். அந்த முகாமின் பழைய காவலாளி! மன்னிப்பு கேட்டான். கோரியின் கை எழவே இல்லை. உள்ளே அன்பு துளியும் இல்லை. உதவி செய்யும் ஆண்டவரே என்று மனசுக்குள் ஜெபித்து, மரக்கட்டை மாதிரி கையை நீட்டினார். கை கொடுத்த பிறகுதான் மனசு இளகியது என்று பின்னாளில் எழுதினார்.

இதில் நான் படித்த பாடம்: அன்பு வந்த பிறகு கை நீட்டலாம் என்று காத்திருந்தால் அது வராமலே போகலாம். இருதயத்தைப் பூட்டி வைப்பது மட்டும் காவல் இல்லை. வெறுப்பு உள்ளே குடியேறாமல் பார்ப்பதும் காவல்தான். நம்மால் முடியலைன்னா கேட்கணும்.

ஒன்று கவனியுங்கள். மன்னிப்பது என்றால் தப்பை மூடி மறைப்பது இல்லை. கோரி நடந்த கொடுமையை ஊர் ஊராகச் சொன்னவர். உங்களை யாராவது துன்பப்படுத்தினால் வாயை மூடிக்கிட்டு இருக்காதீங்க. டீச்சரிடம் சொல்லுங்க, 1098-க்குப் போன் பண்ணுங்க.

தினமும் செய்ய மூன்று:

1. தூங்கும் முன் ஐந்து நிமிடம், இன்று நாலு வாசல் வழியாகவும் என்ன வந்தது, என்ன போனது என்று பார்க்கவும்.
2. தப்பைச் சுட்டிக்காட்டும் ஒரு தோழியை வைத்துக்கொள்ளவும். சொன்னால் கோபப்படக் கூடாது!
3. பேசாமல் இருப்பவரிடம் முதலில் நாமே பேசவும்.

இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் தேவனைக் காண்பார்கள் என்று இயேசு மலைமேல் போதித்தார். தினமும் வாசல் தெளிக்கிற நாம, மனசையும் தினமும் பெருக்கலாமே!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி