பார், கேள், இணை

சென்ற வருடம் இடைவேளை நேரமொன்றில் என் வகுப்புத் தோழி சாப்பாட்டைத் திறக்காமலே இருந்தாள். கேட்டதற்கு, வீட்டில் வாப்பா உம்மாவுக்கு அடிக்கிறார் என்றாள். நான் உடனே, "எல்லா வீட்டிலயும் உள்ளதுதானே, சபூர் செய்" என்றேன். ஆறுதல் சொல்லிவிட்டதாகவே நினைத்தேன். அதன்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

உளவியல் முதலுதவி பற்றிய பயிற்சி நாளொன்றில்தான் என் பிழை எனக்கு விளங்கியது. உலக சுகாதார நிறுவனம் வேறு இரு அமைப்புகளுடன் சேர்ந்து 2011இல் வெளியிட்ட வழிகாட்டி இதனைப் பார், கேள், இணை என்று மூன்று சொற்களில் அடக்குகிறது. இது உளவளத்துணை அல்ல. தேர்ச்சி பெற்றவரிடம் போய்ச் சேரும்வரை நம்மைப் போன்றோர் செய்யக்கூடியது.

பார்ப்பது என்பது, அவர் இப்போது பாதுகாப்பாக இருக்கிறாரா, அவசரமாக என்ன தேவை என்று கவனிப்பது. நான் தவறியது கேட்பதில். பக்கத்தில் அமர வேண்டும். சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது. மௌனத்தையும் பொறுக்க வேண்டும். "இதெல்லாம் ஒரு விசயமா" என்பதும், நம் சொந்தக் கதையைத் தொடங்குவதும் கூடாது. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்வதும் ஆபத்து. உயிருக்குப் பயம் என்றால் சொல்லத்தான் வேண்டும். (தோழிகளுக்குள் இதுதான் மிகக் கடினம்.)

இணைப்பதற்கு இடங்கள் தெரிந்திருக்க வேண்டும். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929, மனநல உதவிக்கு 1926. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கோரலாம். கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். அடி மட்டுமல்ல, உளரீதியான துன்புறுத்தலும் இச்சட்டத்தில் அடங்கும். குடும்ப உளவளத்துணைக்கும் நீதிமன்றம் ஏற்பாடு செய்யலாம். கணவனைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் என்றே நான் எண்ணியிருந்தேன். அந்தப் பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை போலும்.

மறுவாரம் தோழியிடம் போய், "அண்டைக்கி நான் சரியாக் கேக்கல்ல" என்றேன். அவள் நெடுநேரம் பேசினாள். நான் பேசவில்லை. 1938ஐக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள். அவளுடைய உம்மா இன்னும் அழைக்கவில்லை. அது அவருடைய முடிவு. அவளுக்கே கை ஓங்கப்பட்டால் எங்கள் டீச்சரிடம் இருவருமாகப் போவதென்று பேசி வைத்திருக்கிறோம்.