மோட்டார் எஞ்சினில் காற்று மிகுதல்: அறிவதும் திருத்துவதும்

பெட்ரோல் எஞ்சின் எரிப்பது பெட்ரோலை மட்டுமன்று. பெட்ரோலும் காற்றும் ஓர் அளவுப்படி சேர்ந்த கலவையையே அஃது எரிக்கின்றது. நிறைப்படி ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிவதற்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று இதனினும் மிகுந்தால் அதனை மெலிந்த கலவை என்பர். கலவை மெலிந்தால் பெட்ரோல் மிச்சந்தானே என்று அநேகர் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் சரியன்று. மெலிந்த கலவை மெதுவாக எரியும் இயல்புடையது. புகைவால்வு திறக்கும் சமயத்திலும் தீ அடங்காதிருப்பதால் வால்வின் விளிம்பு நாளடைவில் கருகிப்போகும். பின்னர் ஹெட்டைக் கழற்றி வால்வு மாற்ற ஆகும் செலவுக்கு முன், மிஞ்சியதாக எண்ணிய பெட்ரோல் எம்மாத்திரம்?

வீட்டிலேயே கை வைத்துப் பார்க்கத்தக்கவை கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகள். 2000-ஆம் ஆண்டுக்கு முன் வந்த மாருதி 800, பழைய அம்பாசடர் முதலியன இன்னும் கிராமங்களில் ஓடுகின்றன. முதலில் அவற்றைக் குறித்தே கூறுவோம்.

அடையாளங்கள் பல. காலையில் எஞ்சின் எளிதில் பற்றாது. நெடுநேரம் சோக்கை இழுத்தே ஓட்ட வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் வண்டி ஒரு கணம் தயங்கும். சில சமயம் கார்புரேட்டர் வழியே தும்மும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை இளம் பழுப்பாயிராமல் சுண்ணாம்பு போல் வெளுத்திருக்கும். புகைச் சோதனைச் சீட்டு வீட்டிலிருந்தால் அதனையும் எடுத்துப் பாருங்கள். கார்பன் மோனாக்ஸைடு மிகக் குறைந்தும் ஹைட்ரோகார்பன் உயர்ந்தும் காணப்பட்டால், கலவை மெலிந்து, எரியாத பெட்ரோல் வெளியேறுகிறது என்று ஐயுற இடமுண்டு. சீட்டில் தேறிவிட்டோம் என்று மடித்து வைப்பவர்கள் இக்குறிப்பைக் காண்பதேயில்லை.

ஆயினும் இவ்வடையாளங்களிற் சில, தீப்பொறி காலந்தாழ்ந்து விழுவதாலும் உண்டாகும். ஐயம் தீர எளிய சோதனை ஒன்றுண்டு. எஞ்சின் நன்றாய்ச் சூடேறியபின், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சோக்கைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். கலவை சரியாயிருந்தால் ஓட்டம் கெடும். மெலிந்திருந்தால் ஓட்டம் சீர்ப்படும். இச்சோதனையைத் திறந்த வெளியிலேயே செய்தல் வேண்டும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை இழுத்துவிடுக. வேட்டி நுனியும் மேல்துண்டும் விசிறிப் பட்டையண்டை போகலாகாது.

கலவை மெலிந்துள்ளது என்று துணிந்தபின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: காற்று மிகுந்ததா, பெட்ரோல் குறைந்ததா? இதனைக் கேளாமல் சாமான் வாங்குவதே பெரும்பாலும் நஷ்டத்துக்குக் காரணம். வண்டி நின்று மெதுவாய் ஓடும்போது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள மேனிபோல்டில் உறிஞ்சும் வேகம் மிக அதிகம். உள்ளே செல்லும் மொத்தக் காற்றோ சொற்பம். ஆகவே ஒரு மயிரிழை வெடிப்பு வழியே புகும் காற்றும் அப்போது கலவையைக் கெடுத்துவிடும். வேகமாய் ஓடும்போது அதே கசிவு பெரிதாய்த் தெரியாது. பெட்ரோல் குறைவு இதற்கு நேர்மாறு: நிற்கையில் ஓட்டம் சுகமாயிருக்கும், பாரம் ஏற்றி மேடேறும்போது எஞ்சின் திணறும்.

வாடகைக்கு ஓட்டும் மாருதி ஒன்று, நிற்கும்போதெல்லாம் அணைந்து போயிற்று. ஒரு பட்டறையில் புதிய கார்புரேட்டர் மாட்டினார்கள், பயனில்லை. சாலையில் வேகமாய்ச் செல்லுகையில் குறையில்லை என்று உடையவர் கூறியதைக் கேட்டபின், மேனிபோல்டுக்குச் செல்லும் ரப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாய் வளைத்துப் பார்த்தோம். ஒன்றன் அடிப்புறம் விரல் நகம் புகுமளவு வெடித்திருந்தது. ஒரு சாண் குழாயும் இரண்டு கிளிப்புகளும் அவ்வண்டியைச் சீராக்கின.

வெடிப்பு கண்ணுக்குத் தெரியாவிடில், மருந்து தெளிக்கும் சிறு கைத்தெளிப்பானைக் கழுவி, வெறுந்தண்ணீர் நிரப்பிக்கொள்க. எஞ்சின் ஓடுகையில் மேனிபோல்டு காஸ்கெட், கார்புரேட்டரின் அடிப்பாகம், குழாய் இணைப்புகள் ஆகியவற்றின் மேல் சிறிதளவு தெளித்தால், கசியும் இடத்தைத் தண்ணீர் ஒரு கணம் அடைத்து ஓட்டத்தின் ஒலி மாறும். டிஸ்டிரிபியூட்டர் மேல் தண்ணீர் படாதபடி பார்த்துக்கொள்க. இதற்குப் பெட்ரோலைத் தெளிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. சூடான புகைக்குழாயின் அருகில் அதைவிட மதியீனமான செயல் வேறில்லை. நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாய் இறுக்குக. ஒரே புறம் பலமாய் இறுக்கினால் கார்புரேட்டரின் அடித்தட்டு வளைந்து கசிவு நிலைத்துவிடும்.

பெட்ரோல் குறைவாயின், முதலில் டாங்கி மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்க்கலாம். மூடியின் காற்றுத்துவாரம் அடைபட்டிருப்பதும் உண்டு. அடுத்து பில்டர், பின்பு பம்பு, கடைசியாக ஜெட். ஜெட்டைக் கம்பியால் குத்தலாகாது. பித்தளை மெல்லியது, துவாரம் சற்றே பெருத்தாலும் அளவு கெடும். வாயால் அல்லது பம்பால் ஊதுவதே போதும். இவ்வேலை எஞ்சின் ஆறியபின், பீடி நெருப்பு அண்டாத இடத்தில் நடக்க வேண்டும். கலவைத் திருகைத் தொடுவது இவை யாவும் முடிந்த பிறகே. அது பெரும்பாலும் மெது ஓட்டத்தை மட்டுமே திருத்தும். தொடுமுன் எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்க.

இந்தியாவில் பெட்ரோலுடன் சேரும் எத்தனாலின் பங்கு 2025-இல் நூற்றுக்கு 20 ஆயிற்று. எத்தனாலுக்கு ஒன்றுக்கு 9 பங்கு காற்றே வேண்டியிருப்பதால், இக்கலப்புக்குரிய கணக்கு சுமார் 13.5 ஆகும். வெறும் பெட்ரோலுக்கென அளவிட்ட பழைய கார்புரேட்டர் இதனை அறியாது; பழுதில்லாமலே கலவை சற்று மெலியும். எனவே வேறு குறையொன்றும் காணாதபோது, ஜெட்டை ஒரு படி பெரிதாக மாற்றுவது பற்றி அவ்வண்டி தெரிந்த மெக்கானிக்கைக் கலந்துகொள்ளலாம். பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் கெடுப்பதால் அவற்றை மாற்றிவிடுதல் நலம்.

இஞ்செக்டர் உள்ள வண்டிகள் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டுத் தாமே பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும்; கூட்டியும் போதாவிடில் எஞ்சின் விளக்கு எரியும். கைப்பேசியோடு இணையும் சிறு ஸ்கேனரை ஸ்டீரிங்கின் கீழுள்ள துளையில் செருகினால், பி 0171 என்ற எண்ணும், எவ்வளவு கூட்டியது என்ற கணக்கும் தெரியும். நிற்கும்போது கணக்கு உயர்ந்தும் 2,500 சுற்றில் தாழ்ந்தும் இருந்தால் காற்றுக் கசிவு; வேகத்தில் உயர்ந்தால் பெட்ரோல் குறைவோ காற்றளக்கும் சென்சாரின் அழுக்கோ ஆகலாம். சென்சாரையே உடனே மாற்றச் சொன்னால் சற்றுப் பொறுக்க. அதற்கு முன்னுள்ள புகைக்குழாய் இணைப்பில் ஓட்டையிருப்பின், வெளிக்காற்று அதன்வழிப் புகுந்து, கலவை மெலியாதபோதும் மெலிந்ததென்றே அதனைச் சொல்லவைக்கும். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடன் அவ்விணைப்பருகே காதை வைத்தால் டிக் டிக் என்னும் ஒலி கேட்கும்.