பட்சத்திற்கு ஒருமுறை பார்த்துத் திருத்துதல் – விழாப் பணியாளர்க்கு ஒரு பாடம்

மகாவீர ஜயந்தி, ஜினாலய ஆண்டு விழா, பஞ்சகல்யாணப் பெருவிழா, சிறுவர்க்கான கோடைக்கால அறநெறி முகாம் என நம் ஊர்களில் நடைபெறும் நிகழ்ச்சிகள் பல. இவற்றை நடத்துவதற்கு நாம் வழக்கமாகக் கையாளும் முறை ஒன்றுண்டு. மூன்று மாதங்களுக்கு முன்னர்ப் பெரியோர் ஒருநாள் கூடுவர். வரவு செலவு பேசுவர். உணவு ஒருவர்க்கு, பந்தல் ஒருவர்க்கு, அழைப்பிதழ் ஒருவர்க்கு எனப் பணிகளைப் பகிர்ந்தளிப்பர். அதன்பின் விழாவிற்கு முதல்நாள் மாலைவரை எவரும் எவரையும் கேட்பதில்லை. கேட்டால் நம்பிக்கையின்மை என்று பொருள்கொள்ளப்படுமோ என்னும் கூச்சமே காரணம். குடிநீர் போதவில்லை என்பதும், சொற்பொழிவாளரை அழைத்துவரப் பேருந்து நிலையத்திற்கு வண்டி செல்லவில்லை என்பதும் விழா நாளன்றுதான் தெரியவரும். விழா முடிந்தபின் கூடும் கூட்டமோ, கணக்கு ஒப்புவிக்கும் கூட்டமாகத் தொடங்கிக் குறைகூறும் கூட்டமாக முடிகிறது.

இதற்கு மாறான முறையொன்று கணினி மென்பொருள் உருவாக்கும் துறையில் நிலைபெற்றுள்ளது. நம் பிள்ளைகளில் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் அத்துறையில் பணியாற்றுவதால், 'அஜைல்', 'ஸ்கிரம்', 'ஸ்பிரிண்ட்' என்னும் சொற்கள் நம் செவிகளிலும் விழுந்திருக்கும். அலுவலகத்தில் நாள்தோறும் கையாளும் இம்முறையை, ஊர்த் திருவிழாவிற்கு வரும்பொழுது அவர்கள் காலணியோடு சேர்த்து வாயிலிலேயே விட்டுவிடுகின்றனர். காலணி வெளியிலேயே இருக்கட்டும்; இம்முறையை உள்ளே கொண்டுவரலாம்.

அதன் வரலாற்றைச் சிறிது காண்போம். மென்பொருள் துறையிலும் முதலில் நம் வழக்கம் போன்ற முறையே இருந்தது. வேண்டுவன யாவற்றையும் தொடக்கத்திலேயே எழுதி, அடுத்து வடிவமைத்து, அடுத்து உருவாக்கி, இறுதியில் சோதித்துப் பார்ப்பர். விழுந்த நீர் மேலேறாதது போல முந்தைய கட்டத்திற்குத் திரும்ப இடமின்மையால் இதனை அருவி முறை என்பர். 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்னும் அமெரிக்கர் இத்தகைய படிகளை ஒரு கட்டுரையில் வரைந்து காட்டினார். சோதனை கடைசியில் மட்டும் வருமாயின் இடர் மிகும் என்று அவரே அதில் எச்சரித்திருந்தார். படத்தை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டனர்!

1986இல் தக்கேயூச்சி, நொனாக்கா என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர், புதுப் பொருள்களை விரைவாக உருவாக்கிய நிறுவனங்களை ஆராய்ந்தனர். தொடர் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றுவது போலன்றி, ரக்பி ஆட்டக்காரர் போலக் குழு முழுவதும் ஒன்றாக முன்னேறுவதை அங்குக் கண்டு எழுதினர். அந்த ஆட்டத்தின் சொல்லாகிய 'ஸ்கிரம்' என்பதைப் பெயராகக் கொண்ட முறையை 1995இல் ஜெஃப் சதர்லாண்டும் கென் ஷ்வேபரும் ஒரு மாநாட்டில் எடுத்துரைத்தனர். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலை விடுதியொன்றில் 17 பேர் கூடி, 'அஜைல்' என்னும் பெயரில் சுருக்கமான அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். வகுத்த திட்டத்தைப் பற்றிக்கொண்டு நிற்பதைக் காட்டிலும் மாறிய நிலைமைக்கு ஏற்ப நடப்பதற்கு மதிப்புக் கூடுதல் என்பது அதன் நான்கு கருத்துகளுள் ஒன்று. திட்டமே வேண்டா என்று அவர்கள் கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'அஜைல்' என்பதனை 'விரைவு' என்று மொழிபெயர்ப்பதும் பொருந்தாது. வேகமாக ஓடுதல் அன்று, வேண்டியபோது எளிதில் திரும்புதலே அதன் பொருள்.

ஆசிரியப் பயிற்சி பெற்றோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. 1963இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் முதலியோர் உருவாக்கிய நுண்ணிலைக் கற்பித்தல் முறையை நம் நாட்டுப் பயிற்சி நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டன. பயிற்சி மாணவி ஒருத்தி 6 நிமிடம் ஒரு சிறு பகுதியை மட்டும் கற்பிப்பாள். 6 நிமிடம் குறைநிறைகள் கூறப்படும். 12 நிமிடத்தில் அவள் பாடத்தைத் திருத்தி அமைத்துக்கொள்வாள். மீண்டும் 6 நிமிடம் கற்பித்தல், மீண்டும் 6 நிமிடம் கருத்துரை. ஆக 36 நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். இதில் மிகுதியான நேரம் திருத்தி அமைப்பதற்கே ஒதுக்கப்பட்டிருப்பதைப் பாருங்கள். முழு வகுப்பின் முன் 45 நிமிடம் தடுமாறிய பின்பு கற்றுக்கொள்வதை, ஐந்தாறு பேர் முன் 6 நிமிடத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். விழாவிற்கும் இதுவே வழி. முழுவிழா ஒருநாள்தான் வரும். அதன் சிறு துண்டுகளை முன்னதாகவே நடத்திப் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டாக உணவையே கொள்வோம். நம் விழாக்களில் உணவு ஏனையோர் விழாக்களைப் போன்றதன்று. இரவுண்ணாமை நோன்புடையோர்க்குக் கதிரவன் மறைந்தபின் உணவில்லை. பந்தி தாமதமானால் அவர்கள் மறுநாள் காலைவரை பசித்திருப்பர். முதியோரும், மருந்துண்போரும் அவர்களுள் இருப்பர். ஆதலின் இஃது உபசாரக் குறை என்று சொல்லி விட்டுவிடத்தக்கதன்று.

சித்திரை மாத விழா ஒன்றில் மாலை உணவிற்கு 400 பேர் இருப்பர் என வைத்துக்கொள்வோம். கூடத்தில் ஒரு பந்திக்கு 100 பேர் அமரலாம். ஒரு பந்திக்கு அரைமணி நேரம் என்று பேசி முடிவு செய்கிறோம். நான்கு பந்திக்கு இரண்டு மணி. மாலை 4 மணிக்குத் தொடங்கினால் 6 மணிக்கு முடியும். அம்மாதத்தில் வட தமிழகத்தில் கதிரவன் மறைவது ஏறத்தாழ 6.20க்கு. தாளில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் அந்த அரைமணி என்னும் கணக்கை எவரும் அளந்து பார்த்ததில்லை!

அதனை அளக்க விழாவரை காத்திருக்க வேண்டியதில்லை. விழாவிற்கு இரண்டு மாதம் முன்னர் ஏதேனும் ஒரு பூஜை நாளில், ஆலயத்திற்கு வருவோரில் 50 பேர்க்கு அதே கூடத்தில், அதே பரிமாறுவோரைக் கொண்டு, பாதிக் கூடத்தில் இலையிட்டு உணவளித்துப் பார்க்கலாம். ஒருவர் கடிகாரத்தோடு நிற்கட்டும். இலை போடுவது முதல் எச்சில் இலை எடுத்து, தரையைப் பெருக்கித் துடைத்து, சிற்றுயிர்க்குத் தீங்கின்றி மீண்டும் அமரத் தகுதியாக்குவது வரை 40 நிமிடம் ஆகிறது என்று தெரியவருகிறது என்க. நான்கு பந்திக்கு 160 நிமிடம். அப்படியாயின் 4 மணிக்குத் தொடங்கும் உணவு 6.40க்கு முடியும். நான்காம் பந்தியினர் 6 மணிக்கு அமர்ந்து, இருபது நிமிடத்தில் பாதி இலையோடு எழ நேரும். நூறு பேர்! 3.30க்குத் தொடங்கினால் 6.10க்கு முடியும், சிறுவர் நாடகத்தை அரைமணி முன்னே தள்ளவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். மறைவிற்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், முன்னரே உண்டு முடிக்கும் விரதமுடையோரை முதலிரண்டு பந்திகளில் அமர்த்தவும் ஏற்பாடு செய்யலாம். இம்முடிவுகளை இரண்டு மாதத்திற்கு முன்னர் எடுப்பது எளிது. விழா நாளன்று மாலை 5 மணிக்கு எடுக்க இயலாது.

இவ்வாறே வடிகட்டிய குடிநீர் ஒரு மணி நேரத்தில் எத்தனைக் குடம் சேர்கிறது என்பதையும், ஒலிபெருக்கி கூடத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்பதையும் முன்னரே பார்த்துவிடலாம். சிறுவர் நாடகத்தை ஒரு காட்சி மட்டும் அரங்கேற்றினாலே எவ்வளவு நேரம் இழுக்கும் என்பது விளங்கிவிடும்.

இச்சிறு சுற்றுகளுக்கு மென்பொருளார் இட்ட பெயர் 'ஸ்பிரிண்ட்'. ஒரு மாதத்திற்கு மேற்படலாகாது. பெரும்பாலோர் இரண்டு வாரம் வைத்துக்கொள்கின்றனர். நமக்குப் பட்சம் என்னும் அளவு கைவசமே உள்ளது. மூன்று மாதத்திற்கு ஆறு பட்சம். சதுர்த்தசியன்று ஆலயத்திற்கு வருவோர் வழிபாடு முடிந்தபின் அரைமணி அமர்ந்து, சென்ற பட்சத்தில் முடிந்தது எது, கண்டறிந்தது எது, வரும் பட்சத்தில் செய்து பார்ப்பது எது என்று பேசினால் போதும். வெளியூரில் இருப்போர் கைப்பேசி வாயிலாகச் சேர்ந்துகொள்ளலாம். விழாவிற்கு முந்தைய வாரத்தில் மட்டும் நாள்தோறும் காலையில் 15 நிமிடம் கூடுவது நலம். ஸ்கிரம் முறையில் அன்றாடக் கூட்டத்திற்கு வரையறுத்த நேரமும் அதுவே. 15 நிமிடத்தில் முடிய வேண்டுமெனில் நின்றுகொண்டே பேச வேண்டும். நாற்காலியும் காப்பியும் வந்தால் ஒரு மணி நேரம் ஆகிவிடும் என்பது எல்லோரும் அறிந்ததே.

மண்டபச் சுவரில் ஒரு கரும்பலகை இருப்பது பெரிதும் பயன்தரும். அதில் செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, முடிந்தவை என மூன்று பத்திகள். ஒவ்வொரு பணியையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, நிலைமாறும்போது நகர்த்த வேண்டும். இது ஜப்பானின் டொயோட்டா வாகனத் தொழிற்சாலையில் தைய்ச்சி ஓனோ என்பவர் வளர்த்த 'கான்பான்' என்னும் சீட்டு முறையின் வழிவந்தது. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு சீட்டிற்குமேல் நடுப்பத்தியில் வைத்திருக்கலாகாது என்று ஒரு வரம்பும் இடுவது நல்லது. நம் ஊர்களில் நல்ல மனம் படைத்த ஒருவரே பத்துப் பணிகளை ஏற்றுக்கொண்டு, பத்தையும் பாதியில் வைத்திருப்பார். அவரைக் குறைகூற யாருக்கும் வாய் வராது. பலகை எவரையும் கடிந்துகொள்ளாமல் அதனைக் காட்டிவிடும். பெண்கள் சமையற்கட்டில் செய்யும் வேலை ஒவ்வொன்றும் சீட்டாகப் பலகையில் ஏறுவதால் அவ்வேலையின் அளவும் ஊரார்க்குத் தெரியவரும். இதனை நான் சிறிய பயனாகக் கருதவில்லை.

எவற்றை மாற்றலாம், எவற்றை மாற்றலாகாது என்பதை முதற் கூட்டத்திலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். திதியும் முகூர்த்தமும் மாறா. கர்ப்பம், ஜன்மம், தீக்ஷை, கேவலஞானம், நிர்வாணம் என்னும் ஐந்து கல்யாணங்களின் வரிசையும், அபிஷேக பூஜை முறைகளும் உபாத்தியாயரும் ஆகமமும் கூறியபடியே. அங்குச் சோதனைக்கு இடமில்லை. அஜைல் முறையிலும் காலம் வரையறுக்கப்பட்டது. அதற்குள் அடங்கும் பணியின் அளவே கூடும், குறையும். ஆதலின் நேரம் போதாதபோது எதனை விடுவது என்னும் வரிசையையும் முன்னரே எழுதி வைக்க வேண்டும். என் கருத்தில் முதலில் விடத்தக்கது பொன்னாடை போர்த்துதலும் அதனைத் தொடரும் பாராட்டுரைகளும். சிறுவர் நிகழ்ச்சி கடைசியில்தான் குறைக்கப்பட வேண்டும். நம் வழக்கமோ நேர்மாறாக உள்ளது.

மீட்க இயலாத செயல்களைக் காலந்தாழ்த்திச் செய்வதும் இம்முறையில் அடங்கும். அழைப்பிதழ் அச்சிடல் அத்தகையது. நாளையும் இடத்தையும் மட்டும் முன்னரே அறிவித்துவிட்டு, சொற்பொழிவாளர் ஒப்புதல் வந்தபின், ஐந்தாம் பட்சத்தில் அச்சிற்குக் கொடுக்கலாம். பெயர் வரிசையால் வரும் மனத்தாங்கலும் ஓரளவு குறையும். இதற்கு மாறாக, சமையற்காரர், பந்தல், வாடகைப் பாத்திரம், காவல்துறை அனுமதி ஆகியவற்றில் தாமதம் ஆகாது. அவற்றை முதற் பட்சத்திலேயே முடித்துவிட வேண்டும். "பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்" என்று சொல்லிக்கொண்டு இவற்றையும் தள்ளிப்போடுவோர் இம்முறையைத் தவறாகப் புரிந்துகொண்டவராவர்.

பட்சந்தோறும் கூடும் கூட்டத்தில் எவ்வாறு பேசுவது என்பதே மிகக் கடினமான பகுதி. இதற்கு நம் அறநூல் மரபில் ஒரு வழிகாட்டல் உண்டு. பிரதிக்கிரமணத்தை நாள், இரவு, பட்சம், சாதுர்மாதம், ஆண்டு என்னும் கால அளவுகளில் வகுத்துள்ளனர். குற்றம் திரண்டு மலையாகும்வரை காத்திராமல், சிறிதாய் இருக்கும்போதே திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது அவ்வகுப்பிலிருந்து விளங்கும். ஆலோசனை என்னும் செயலிலும் ஒருவர் குருவின்முன் எடுத்துரைப்பது தம் குற்றத்தையே, பிறர் குற்றத்தையன்று. ஆன்மத் தூய்மைக்காக அமைந்த ஆவசியகத்தையும் பந்தல் வேலையையும் ஒன்றெனக் கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் தன் பணியைப் பற்றி மட்டுமே பேசுவது என்னும் விதியைக் கூட்டத்திற்கும் வைத்துக்கொள்ளலாம். "நீர் ஏன் போதவில்லை?" என்று உணவுப் பொறுப்பாளர் கேட்பதற்கு மாறாக, "எனக்கு நாற்பது குடம் கிடைத்தது, அறுபது வேண்டியிருக்கும்" என்று தம் பணியின் நிலையைக் கூறட்டும். நீர்ப் பொறுப்பாளர் தாமே விடைகூறுவார்.

பயிற்சி: உங்கள் ஊரில் அடுத்து வரும் விழாவை எடுத்துக்கொள்க. மகளிர் மன்றத்தாரும் இளைஞரும் சேர்ந்து அதன் பணிகளைச் சீட்டுகளில் எழுதுக. நாற்பதிற்குக் குறைந்தால் சமையற்கட்டை மறந்துவிட்டீர்கள் என்று பொருள். அவற்றுள் மாறாதவற்றைச் சிவப்பு மையால் குறிக்க. எஞ்சியவற்றுள், தவறினால் ஒருவர் பசித்திருக்கவோ, ஒரு முதியவர் வெயிலில் நிற்கவோ நேரும் பணிகளைத் தனியே எடுத்து, அவற்றுள் எதனை வரும் சதுர்த்தசிக்குள் ஐம்பது பேர் அளவில் நடத்திப் பார்க்க இயலும் என்று முடிவு செய்க. அளந்த நேரத்தையும் எண்ணிக்கையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, வரவு செலவுக் கணக்கோடு சேர்த்து அடுத்த ஆண்டுக் குழுவிடம் ஒப்படைக்க.