கரையானுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால்?

கேள்வி: கரையான் குடலிலுள்ள நுண்ணுயிர்களை மருந்தால் அழித்தால் கரையானும் செத்துவிடுமா?

பதில்: பாக்டீரியாக்களை அழித்தால் உடனே சாகாது, வம்சம்தான் நலியும். அமெரிக்காவில் மரம் தின்னும் இருவகைக் கரையான்களுக்கு ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். காசநோய்க்கு நாம் சாப்பிடும் அதே மருந்து! காசநோய்க்கு நாம் சாப்பிடும் அதே மருந்து! குடல் பாக்டீரியாக்களின் வகைகள் குறைந்தன. அரசி இட்ட முட்டைகளும் குறைந்தன. பாதிப்பு நெடுநாள் நீடித்தது.

ஏன் என்று யோசித்தால் வியப்பாக இருக்கிறது. மரத்தில் நைட்ரஜன் மிகக் குறைவு. முட்டைக்கோ புரதம் வேண்டும்; புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருபவை குடல் பாக்டீரியாக்களே. மரத்தைச் செரிக்க உதவும் புரோட்டோசோவாக்களும் இந்தக் கரையான்களின் குடலில் உண்டு. நம் ஊர்ப் புற்றுக் கரையானுக்கு அவை கிடையாது. அது புற்றுக்குள் பூஞ்சை வளர்த்துப் பிழைக்கிறது.

தயவுசெய்து மாத்திரையைக் கரைத்துப் புற்றில் ஊற்றாதீர்கள். மண்ணில், மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் பெருகும்.