பழைய கிராபிக்ஸ் கார்டு பிழைத்த கதை



கம்ப்யூட்டர் திரையில் படம் வரவைப்பது கிராபிக்ஸ் கார்டு. எங்க அண்ணன் லீவு நாளில் கொத்து வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினான். மாட்டியதும் திரையெல்லாம் கோடு கோடா வந்தது. பத்து நிமிடத்தில் அணைந்தே போச்சு. விற்றவர் திருப்பி வாங்க மாட்டேன்னுட்டார். அண்ணன் அன்று சாப்பிடவே இல்லை.

மறுநாள் நாங்கள் செய்தது:

1. கரண்ட் வயரைப் பிடுங்கினோம். கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டுத்தான் கார்டைக் கழற்றினோம். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் சில்லைக் கெடுத்துவிடும்.
2. ஃபேனில் அடைத்திருந்த தூசியை பிரஷ்ஷால் எடுத்தோம்.
3. தங்க முலாம் பூசிய பற்களை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்தோம்.
4. சில்லின் மேல் காய்ந்திருந்த பேஸ்டைத் துடைத்து, புதிய பேஸ்ட் பட்டாணி அளவு வைத்தோம். சில்லின் சூட்டை மேலேயுள்ள உலோகத்துக்குக் கடத்துவது அதுதான்.

கோடு போச்சு! சூடுதான் காரணம்.

சிலர் கார்டை ஓவனில் வைத்துச் சுடுவார்களாம். ஈயம் கலக்காத பற்றாசு உருகவே சுமார் 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். கார்டிலுள்ள பிளாஸ்டிக்கிலிருந்து நச்சுப்புகை வரும். பிழைத்தாலும் பெரும்பாலும் கொஞ்ச நாள்தான். அதைச் செய்யாதீங்க!

சில்லே உடைந்திருந்தால் நம்மால் முடியாது. ஆனால் தூக்கிப் போடும் முன் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி